வாடை வருதா?

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நானும் அத்தானும் சௌக்கியம். அங்கே உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அத்தையின் முழங்கால் மாடிப்படி ஏறுகிறதா? அவர்கள் பிள்ளை பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டார் என்று முதலில் அத்தையிடம் சொல்லிவிடு.

உன் வீட்டுக்காரர் நேற்று சாமான் லாரியில் வந்து இறங்கினார். "ஒரு வாய் டீயாவது குடிங்க அத்தான்" என்றேன். "அங்க ஒரு பம்பு இருமுது மாப்ளே, உனக்குக் கேக்கலையா?" என்று பெட்டியைப் போட்டுவிட்டுப் போனவர்தான். சாயங்காலம் முழங்கை வரைக்கும் கிரீஸோடு சிரித்துக்கொண்டே வந்தார். எட்டு மாதமாக வேலையில்லாமல் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மனிதரா இவர் என்று இருந்தது.

பாசியில் எப்படி எண்ணெய் எடுப்பீர்கள் என்று கேட்டிருந்தாய். இது பாறையில் வழுக்குகிற பாசி இல்லை. கடல் தண்ணீரில் வளர்கிற, கண்ணுக்கே தெரியாத பாசி. முழங்கால் ஆழத்தில் நீளநீளமான குளங்கள். துடுப்புச் சக்கரம் சுற்றிச்சுற்றித் தண்ணீரை ஓடவைக்கும். நின்றால் பாசி அடியில் படிந்து செத்துவிடும். முதலில் உரம் போட்டு ஊட்டி வளர்ப்போம். நன்றாக வளர்ந்ததும் உரத்தை நிறுத்திவிடுவோம். பட்டினி கிடக்கிற பாசி பயந்துபோய் உடம்பில் எண்ணெயைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். நம்மைப் பட்டினி போட்டால் இளைப்போம், இது கொழுக்கும். எப்போது பட்டினி போடுவது, எப்போது அள்ளுவது என்று பார்ப்பதுதான் என் வேலை. தாமதித்தால் கொழுத்தது மொத்தமும் செத்துப்போகும்.

எங்கள் மேலாளருக்கு இங்கே 'லிட்டர்' என்று பெயர். காலையில் வணக்கம் சொன்னால்கூட "எத்தனை லிட்டர்?" என்பார்.

போன் இங்கே எடுக்காது. வாரம் ஒரு தடவை வருகிற லாரிதான் தபால்காரன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

ஜனவரி 21

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். நாங்கள் இருவரும் நலம். என் முதுகு தையல் மெஷினோடு சண்டை போடுகிறது, அத்தையின் முழங்கால் மாடிப்படியோடு. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்ததற்கு நன்றி சொல்லலாம். சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வாய். அதனால் விட்டுவிட்டேன்.

ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. உங்கள் கம்பெனி டாக்டர் அவருக்குக் கண், காது, நெஞ்சு எல்லாம் பார்த்தாராம். மூக்கை யாரும் கேட்கவில்லையாம், இவரும் வாயைத் திறக்கவில்லையாம். சின்ன வயதுக் காய்ச்சலில் அவருக்கு மூக்கு அவிந்து, எந்த வாசனையும் தெரியாமல் போனது உனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் கேஸ் கசிந்த அடுப்படிக்குள் போய்த் தீக்குச்சி கிழித்தவர். இரண்டு புருவமும் பொசுங்கி மூன்று மாதம் உரித்த முட்டை மாதிரி அலைந்தார். அன்றைக்குத்தான் என் கையில் அடித்துச் சத்தியம் செய்தார், மூடிக் கிடக்கிற எதையும் பக்கத்தில் இருப்பவரைக் கேட்காமல் திறக்க மாட்டேன், உள்ளே போக மாட்டேன் என்று.

அன்றிலிருந்து வீட்டில் எதைத் தொட்டாலும் "வாடை வருதா?"தான். பீரோவைத் திறக்கும்போதும் கேட்கிறார். பீரோக்குள்ள என்னங்க வாடை வரும் என்றால், "உங்கம்மா குடுத்த புடவை இருக்கே" என்கிறார்.

இங்கே அவருக்கு நான் மூக்கு. அங்கே யார்? வாயு, ரசாயனம் என்று அங்கே ஏதாவது உண்டா? உள்ளதை எழுது.

உன் அக்கா

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். உன் முதுகுக்கு ஒரு தலையணை வாங்கித் தைக்கிற நாற்காலியில் வை.

நீ பயப்படுகிற மாதிரி இங்கே ஒன்றும் இல்லை. கடல் தண்ணீரும் வெயிலும் பாசியும்தான். பக்கத்து மின் நிலையத்துப் புகையிலிருந்து பிரித்த கரியமில வாயுவைக் குளத்தில் குமிழி விடுகிறோம், அதுவும் திறந்த வெளியில். வாசனை என்று சொன்னால், காலையில் குளத்தோரம் நடக்கும்போது அப்போதுதான் வெட்டிய தர்பூசணி மாதிரி இருக்கும். அத்தானிடம் சொன்னேன். "தர்பூசணிக்கு வாசனை உண்டாடா?" என்று ரொம்ப நேரம் யோசித்தார்.

இங்கேயும் அந்தக் கேள்வி தொடங்கிவிட்டது. உரப் பீப்பாய், கருவிப் பெட்டி, என் சாப்பாட்டு டப்பா, எதைத் திறந்தாலும் "மாப்ளே, வாடை வருதா?" பம்ப் அறை ஆட்கள்கூடக் காலையில் ஒருவரை ஒருவர் அப்படித்தான் விசாரிக்கிறார்கள்.

நீ நிம்மதியாகத் தூங்கு. இங்கே அவருக்கு நான் மூக்கு. போதுமா?

தம்பி

மார்ச் 2

அன்புத் தம்பிக்கு,

ஆசிகள். நலம்தான். தலையணை வைத்தேன், முதுகு கொஞ்சம் தணிந்திருக்கிறது.

போதும். நீ எழுதிக் கொடுத்ததை மடித்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஏதாவது ஆனால் உன் காதைத் திருகக் கையோடு இருக்கும்.

உன் அத்தான் கடிதம் எழுதுகிற அழகைப் பார். 'நலம். பம்பு நலம். அம்மாவைப் பார்த்துக்கொள்.' அவ்வளவுதான். பம்பை விசாரிக்கிற அளவுக்குப் பெண்டாட்டியை விசாரிக்கவில்லை என்று நான் சொன்னதாகச் சொல். ஜூனில் பத்து நாள் லீவு கிடைக்கும் என்று எழுதியிருந்தார். லிட்டரிடம் நீயும் ஒரு வார்த்தை சொல்லி வை. இவர் கேட்க மாட்டார்.

அக்கா

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். பதில் தாமதமானதற்குத் திட்டாதே. வேலை கழுத்தை நெரிக்கிறது.

போன மாதம் முதலீட்டாளர்கள் பார்வையிட வருவதாக இருந்தது. மூன்றாம் குளம் நன்றாகக் கொழுத்திருந்தது. அள்ளிவிடலாம் என்றேன். "அவங்க வந்து பாக்கட்டும், இன்னும் கொஞ்சம் ஏறட்டுமே" என்றார் லிட்டர். எனக்கும் ஆசைதான். எண்ணெய் அளவு நாளுக்கு நாள் ஏறுகிறதைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? பட்டினியை நீட்டினேன். அவர்கள் வருகையைத் தள்ளிப்போட்டார்கள். நானும் நீட்டினேன்.

ஒரு காலையில் போய்ப் பார்த்தால் குளம் பச்சையாக இல்லை. மஞ்சளும் பழுப்புமாக நுரை கட்டி நின்றது. மொத்தமும் செத்துவிட்டது. கடலில் விடக் கூடாது என்பதால் செத்ததையெல்லாம் நிலத்தடித் தொட்டிக்குள் இறக்கி மூடியிருக்கிறோம். வழி பார்த்து அப்புறப்படுத்த வேண்டும்.

அத்தான் என்னைத் தேற்றுகிறார். "செடி செத்தா வேற செடி, பம்பு செத்தா வேற பம்பு. நீ சாப்பிட வா" என்கிறார். லீவைப் பற்றி லிட்டரிடம் பேசவில்லை. இப்போது பேசுகிற நேரம் இல்லை.

தம்பி

ஏப்ரல் 19

அன்புத் தம்பிக்கு,

நலம். நீ மனசை விடாதே. குளம்தானே, மறுபடி பச்சையாகும்.

தைப்பதற்காக அவர் அனுப்பிய சட்டை வந்தது. பையைப் பிரித்ததும் வீடே முட்டை அழுகின வாடை அடித்தது. அடுத்த அறையில் படுத்திருந்த அத்தை எழுந்து வந்து "எலி செத்துக் கிடக்கா?" என்று கேட்டார்கள். லாரியில் எத்தனை நாள் வந்த சட்டை, அப்படியும் போகவில்லை. மூன்று தடவை சோப்புப் போட்டு அலசி, வெயிலில் காயப்போட்டு, பிறகுதான் மெஷினில் வைக்க முடிந்தது.

தர்பூசணி என்று எழுதினாயே? இது என்ன வாடை? நீ அங்கேதானே இருக்கிறாய், உனக்குத் தெரியவில்லையா?

உடனே எழுது.

அக்கா

ஏப்ரல் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். சட்டை கிடைத்தது, நல்ல தையல் என்று அத்தான் காலரைத் தூக்கிக் காட்டிக்கொண்டு திரிகிறார்.

அது அந்த மூடிய தொட்டியின் வாடை. செத்த பாசி அழுகுகிறது, வேறொன்றும் இல்லை. முதல் வாரம் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடந்தோம். சமையல்காரர் வேலையை விட்டுப் போகிறேன் என்றார். இப்போது பழகிவிட்டது. நிஜமாகவே யாருக்கும் எதுவும் தெரியவில்லை. நீ எழுதியதைப் படித்துவிட்டு என் சட்டையை மோந்து பார்த்தேன், சாதாரணமாகத்தான் இருக்கிறது. "இப்ப எல்லாரும் என் கட்சிக்கு வந்துட்டீங்க" என்று அத்தான் ஒரே சிரிப்பு.

மழை தொடங்குவதற்குள் தொட்டியைக் காலி செய்துவிடுவோம். ஜூன் லீவு உறுதியாகிவிட்டது. வரும்போது உனக்குத் தலையணை உறை வாங்கி வருவாராம்.

தம்பி

ஜூன் 14

தம்பிக்கு,

எல்லாம் முடிந்தது. வந்தவர்கள் போய்விட்டார்கள். வீட்டில் நானும் அத்தையும் மட்டும் இருக்கிறோம்.

அவர் உடல் இருந்த பெட்டியோடு வந்த இரண்டு அதிகாரிகளும் நின்றுகொண்டே பேசினார்கள். பம்பைச் சரிசெய்ய அவர் தொட்டிக்குள் தானாக இறங்கினாராம். அனுமதி வாங்கவில்லையாம். பக்கத்தில் யாரும் இல்லையாம். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். வாயு அடித்து உள்ளேயே முடிந்துவிட்டதாம். அத்தை தலையில் அடித்துக்கொண்டு, "சொன்ன பேச்சைக் கேக்காமப் போய்ட்டானே, சொன்ன பேச்சைக் கேக்காமப் போய்ட்டானே" என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். துக்கம் கேட்க வந்தவர்களும் அதையேதான் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவருக்கு அவசரம், அவருக்கு எதிலும் ஒரு துடுக்கு என்று.

நீ வரவில்லை. உடம்பு சரியில்லை என்று ஒரு வரி வந்தது. எப்படிப்பட்ட உடம்பு சரியில்லாமல் போனால் அக்கா புருஷனைத் தூக்கிப்போட வர முடியாது என்று எனக்குத் தெரியவில்லை. அதை விடு.

ஒன்றே ஒன்று சொல். ஒன்பது வருஷம் பால் பாத்திரத்தைக்கூடக் கேட்காமல் திறக்காத மனிதர், அந்தத் தொட்டியை யாரையும் கேட்காமலா திறந்தார்? எனக்குச் செய்து கொடுத்த சத்தியத்தை மறந்துவிட்டா போனார்? ராத்திரி பகல் எனக்கு இதுதான். நான் அவரை நினைத்து அழுவதா, அவர் மேல் கோபப்படுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா

ஜூன் 29

அன்புள்ள அக்காவுக்கு,

இப்போது உடம்பு தேவலாம். நீயும் அத்தையும் தைரியமாக இருக்க வேண்டும்.

நடந்ததை நிர்வாகம் ஏற்கெனவே தெரிவித்திருக்கிறது. அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் நான் ஆய்வு அறையில் இருந்தேன். செய்தி கேட்டுத்தான் ஓடினேன். அத்தானுக்கு வேலை மேல் இருந்த ஆர்வம்தான் காரணம் என்று எல்லோரும் நினைக்கிறோம். அவரைக் குறை சொல்ல முடியாது அக்கா, யாராக இருந்தாலும் இறங்கியிருப்பார்கள். மூடியைத் திறந்தபோது வாடையே இல்லை. கொஞ்சம்கூட இல்லை.

உனக்கு என்ன உதவி வேண்டுமானாலும் எழுது.

தம்பி

ஜூலை 8

தம்பிக்கு,

நான் தையல்காரி. மேல் துணியும் கீழ்த் துணியும் ஒட்டாத இடம் என் கண்ணுக்குத் தப்பாது.

ஆய்வு அறையில் இருந்தேன் என்று மேலே எழுதியிருக்கிறாய். மூடியைத் திறந்தபோது வாடையே இல்லை என்று கீழே எழுதியிருக்கிறாய். ஆய்வு அறையில் இருந்தவனுக்கு அது எப்படித் தெரிந்தது?

அவர் கேட்டாரா?

அக்கா

ஆகஸ்ட் 4

தம்பிக்கு,

நான்கு லாரி வந்துபோயிருக்கும். உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை.

அத்தை சாப்பாட்டைக் குறைத்துவிட்டார்கள். நேற்று சுவரில் இருந்த அவர் படத்தைக் கழற்றி முகம் தெரியாமல் திருப்பி வைத்தார்கள். "என் பேச்சைத்தான் கேக்கல, பெண்டாட்டி பேச்சையாவது கேட்டிருக்கலாம்" என்கிறார்கள். பெற்றவள் பிள்ளை மேல் கோபத்தோடு சாகக் கூடாது. எனக்காக எழுத வேண்டாம். அவர்களுக்காக எழுது.

அக்கா

ஆகஸ்ட் 23

அக்கா,

கேட்டார். என்னைத்தான் கேட்டார்.

தொட்டியின் அடியில் பம்ப் அடைத்துக்கொண்டது. மழைக்கு முன் காலி செய்தாக வேண்டும் என்று லிட்டர் நெருக்கினார். வாயு அளக்கிற கருவி வேண்டும் என்று அத்தான் இரண்டு தடவை கேட்டிருந்தார். வரும் என்றார்கள், வரவில்லை. அன்றைக்கு மூடியை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் தள்ளினோம். அவர் ஏணியில் கால் வைக்கவில்லை. தொட்டி வாயில் மண்டி போட்டு உட்கார்ந்துகொண்டு, "மாப்ளே, வாடை வருதா?" என்றார்.

"இத்தனை நாளா பழகின தொட்டிதானே அத்தான்" என்றேன்.

"உங்கக்காவுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன்டா. நல்லா மோந்து பாத்துச் சொல்லு. நீ சொன்னாத்தான் இறங்குவேன்."

நான் குப்புறப் படுத்து, தலையை உள்ளே விட்டு, மூச்சை நன்றாக இழுத்தேன். உன் மேல் ஆணையாக எனக்கு ஒன்றும் வரவில்லை அக்கா. "சுத்தமா ஒண்ணுமில்ல அத்தான், இறங்குங்க" என்றேன். அவர் என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்கினார். கீழே போய்ச் சேற்றைக் கிளறினார். ஒரு தடவை இருமினார். பிறகு சத்தமே இல்லை. நானும் பின்னாலேயே இறங்கினேன். இரண்டு படிதான் ஞாபகம் இருக்கிறது. பம்ப் அறை ஆட்கள் என் சட்டையைப் பிடித்து மேலே இழுத்தார்களாம். அவரைத் தொட அவர்களால் முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். கடல் தண்ணீரில் எது அழுகினாலும் அழுகின முட்டை வாடை அடிக்கிற அந்த வாயு நிறைய வரும். கொஞ்சம் இருந்தால் நாறும். அதிகமானால் முதலில் மூக்கைத்தான் கொல்லும். வாடை நின்றுபோனால்தான் ஓட வேண்டும். இது எனக்குத் தெரியாததா? பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். பட்டினி போட்டு அந்தக் குளத்தைக் கொன்றதும் நான், அதன் வாயில் தலையை விட்டு ஒன்றுமில்லை என்று சொன்னதும் நான்.

படுக்கையில் இருக்கும்போதே தாள் கொண்டுவந்தார்கள். அவர் தனியாக, கேட்காமல் இறங்கினார் என்று. "செத்தவருக்கு இனி என்ன, உங்க வாழ்க்கையப் பாருங்க" என்றார் லிட்டர். கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையோடு உன் வாசலில் வந்து நிற்க முடியவில்லை.

நேற்று தொழிலாளர் அலுவலகத்தில் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி எனக்கு அங்கே இடமில்லை. லாரி கிளம்பும்போது பார்த்தேன், மூன்றாம் குளம் மறுபடியும் நல்ல பச்சையாக இருந்தது. அத்தான் போன நாளிலிருந்து எனக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்கிறார்கள்.

வரட்டுமா அக்கா?

செப்டம்பர் 5

தம்பிக்கு,

உன் கடிதத்தை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். "கேட்டானா? என் பிள்ளை கேட்டானா?" என்று அந்த முதல் வரியையே திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார்கள். பிறகு எழுந்து போய்ப் படத்தைத் திருப்பி, முந்தானையால் துடைத்து மாட்டினார்கள். சாயங்காலம் அவர்களாகவே தட்டை எடுத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்கள்.

இந்த மூன்று மாதமும் நானும் அவரைத் திட்டினேன். இல்லாத மனிதரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை.

உன்னையும் என்ன செய்வதென்று தெரியவில்லை. நீ அவரிடம் பொய் சொல்லியிருந்தால் உன்னைத் திட்டித் தீர்த்திருப்பேன். நீ உள்ளதைத்தான் சொன்னாய். அவர் கேட்டார், நீ மோந்து பார்த்தாய். இரண்டு பேரும் நான் சொல்லிக் கொடுத்தபடியே செய்திருக்கிறீர்கள். கருவி வரட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டிய மனிதர், மூக்கைக் கேட்டுக்கொண்டு இறங்கினார். அந்தப் பழக்கத்தை அவருக்குக் கொடுத்தது நான்.

உங்கள் எல்லோருக்கும் வராத வாடை எனக்கு வந்தது தம்பி. இத்தனை தூரத்தில், ஒரு சட்டையில் வந்தது. நான் அதை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவி, மடித்து, உங்களுக்கே திருப்பி அனுப்பினேன்.

இப்போது வராதே. உன் முகத்தைப் பார்த்தால் அவர் பின்னாலேயே வருகிறாரா என்று வாசலைப் பார்ப்பேன். முடிகிற காலத்தில் நானே எழுதுகிறேன்.

நல்ல டாக்டராகப் பார்த்து மூக்கைக் காட்டு. தினமும் காலையில் எதையாவது முகர்ந்து பார். என்றைக்காவது வாடை வந்தால், அன்றைக்கே எனக்கு ஒரு வரி எழுது.

அக்கா